தாயின் கடிதமும் தந்தையின் கருவியும்

குழந்தைக்கு நீரிழிவு என்ற சொல் இன்றும் பெற்றோரைக் கலங்கச் செய்கிறது. நூறாண்டுகளுக்கு முன்னரோ, அச்சொல் பிரிவுச் செய்தியாகவே இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஆலன் வகுத்த முறைப்படி, உணவை மிகக் குறைத்து வாழ்நாளைச் சற்றே நீட்டலாம், அவ்வளவே. பிள்ளையின் பசியைக் கண்டும், உணவை நிறுத்தே அளிக்க வேண்டியிருந்தது. பெற்றோர் கையிலிருந்த கருவி தராசு ஒன்றுதான்.

1919இல் அமெரிக்க அரசியல் தலைவர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு இந்நோய் கண்டது. மூன்றாண்டுப் பட்டினியில் அவள் எடை சுமார் 20 கிலோவாயிற்று. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதனைக் கண்ட குழுவைச் சேர்ந்த பேண்டிங்குக்கு எலிசபெத்தின் தாய் கடிதம் எழுதினார். மருந்து போதாதென்று முதலில் மறுமொழி வந்தது. எனினும் ஆகஸ்டில் சிகிச்சை தொடங்கியது. ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்ற அச்சிறுமி, 1981 வரை வாழ்ந்தாள்.

உயிர் மீண்டது, பொறுப்போ வீட்டிற்கு வந்து சேர்ந்தது. கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைப்பதும், சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் சூடாக்கி நிறம் பார்ப்பதும் அன்றாட வேலைகளாயின. நீலமென்றால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறமென்றால் மிகுதி. ஆயினும் அந்நிறம் சில மணி நேரத்திற்கு முந்திய நிலையையே கூறும். நள்ளிரவில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் அது உணர்த்தாது. ஆகவே தாய் விழித்திருந்தாள்.

விரல் நுனி இரத்தத்தை வீட்டிலேயே சோதிக்கும் கருவிகள் பின்னர் வந்தன. 1993இல், 1,441 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று இருமுகமான செய்தியைத் தந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காக்கப்படும். ஆனால் சர்க்கரை கடுமையாகத் தாழும் அபாயம் ஏறத்தாழ மும்மடங்காகும். நாளைய நலமா, இன்றிரவின் பாதுகாப்பா என்னும் தராசு மீண்டும் பெற்றோர் கைக்கே வந்தது.

இந்த அச்சமே அவர்களைக் கண்டுபிடிப்பாளராகவும் ஆக்கியது. 2013இல், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் காஸ்டிக் என்னும் மென்பொருள் பொறியாளர், தம் சிறு மகன் அணிந்திருந்த கருவியின் அளவுகளை இணையத்தின் வழியே தொலைவிலிருந்து காண வழி செய்தார். பிற பெற்றோரும் கைகோத்து அதனை வளர்த்து, இலவசமாக வழங்கினர். ‘நாங்கள் காத்திருக்கப் போவதில்லை’ என்பது அவர்கள் முழக்கமாயிற்று. 2016இல், அளவறிந்து இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

எனினும் எல்லாப் பெற்றோரும் ஒரே கருத்தினர் அல்லர். சிலருக்குக் கருவி உறக்கத்தைத் திருப்பித் தந்தது. சிலருக்கு அதன் எச்சரிக்கை மணியே உறக்கத்தைக் கெடுத்தது. நம் நாட்டிலோ, பல குடும்பங்களை விலையே தடுத்து நிறுத்துகிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஓயாத கண்காணிப்பு சிறையாகவும் தோன்றக்கூடும்.

அன்று எழுதிய கடிதத்திற்கும் பின்னர் எழுந்த கருவிக்கும் அன்பே காரணம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எலிசபெத்தைக் காத்தது கடிதம் மட்டுமன்று. ஊசி அவள் கைக்கு மாறியதுமாகும். கருவி எதுவாயினும், ஒருநாள் அதனைப் பிள்ளையிடம் ஒப்படைக்கப் பெற்றோர் துணிய வேண்டும்.