ஒரு நாளைக்கு இரண்டு தரம் சரணடைந்த தளபதி

1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஒரு உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே 25 சதம் குடுத்தால் ஒரு போரைப் பார்க்கலாம். வசதியான பெட்டி ஆசனம் வேணுமெண்டால் ஒரு டொலர். 15 ஏக்கர் அரங்கு. குதிரைகள், பீரங்கிகள், வெடிச்சத்தம், புகை எல்லாம் உண்டு. இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடும் காட்சி, ஒரு நாளைக்கு இரண்டு தரம். களத்தில் இறங்கிய 600 பேரளவானோர் போருக்குப் போய்வந்த ஆக்கள். பிரித்தானியரும் போயர்களும் தென்னாபிரிக்காவில் இரண்டரை வருசம் ஒருவரையொருவர் உண்மையாகவே சுட்டுக்கொண்டவர்கள். அந்தப் போர் 1902 மே 31இல் முடிந்தது. இரண்டு வருசம் கழிய, அதே ஆக்கள் வெற்றுத் தோட்டாக்களோடு திரும்பவும் எதிரெதிரே நின்றார்கள்.

அவர்களுக்கு நடுவில் அறுபது தாண்டிய ஒரு தாடிக்காரர். பெயர் ஜெனரல் பீற் குரொன்யே. அவருக்குக் கிடைத்த வேடம் ஜெனரல் பீற் குரொன்யே.

சாகசக் காட்சிகளின் வரலாற்றைத் தேடிப்போகேக்க எங்களை நிறுத்தி வைத்தது இந்த மனிதர்தான். தோற்ற தளபதி ஒருவர் தன்னுடைய தோல்வியையே காசுக்கு நடிக்கிற நிலை எப்படி வந்தது?

முதலில் உண்மையில் நடந்ததைப் பார்ப்போம். 1900 பெப்ரவரியில் குரொன்யேயின் படை மோடர் ஆற்றங்கரையில், பார்டபேர்க் என்ற இடத்தில் பிரித்தானியரின் சுற்றிவளைப்புக்குள் அகப்பட்டது. பத்து நாள் ஷெல்லடி. ஆற்றங்கரையைக் கிண்டிப் பதுங்கு குழிகள் அமைத்து அதற்குள் இருந்தார்கள். மாடுகளும் குதிரைகளும் செத்து ஆற்றுத் தண்ணீர் நாறிப்போனது. படையோடு பெண்களும் பிள்ளைகளும்கூட அங்கே இருந்தார்கள். பெப்ரவரி 27ஆம் திகதி குரொன்யே ஏறத்தாழ 4,000 பேரோடு சரணடைந்தார். அவரை சென் ஹெலனா தீவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆற்றங்கரையில் சுற்றிவளைக்கப்பட்ட பத்து நாள் எப்படி இருந்திருக்கும் என்று எங்கட வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

சென் லூயிஸ் அரங்கில் இந்தப் பத்து நாளும் ஒரு காட்சியாகச் சுருங்கியது. அதற்கு முதல், பிரித்தானியர் தோற்ற கொலென்சோ சண்டை. ஒரு சண்டையில் இவர்களுக்கு வெற்றி, மற்றதில் அவர்களுக்கு வெற்றி. பார்க்க வந்த சனம் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டலாம். தென்னாபிரிக்காவில் சேர்க்கஸ் நடத்திப் பேரெடுத்த பிராங்க் பிலிஸ் என்பவர்தான் இதைத் தயாரித்தவர். சனத்துக்கு எது பிடிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆரின் பக்கம் நியாயம் என்ற கேள்வி எழும்பாத மாதிரி ஒரு போரை அடுக்கி வைத்தார்.

உச்சக்கட்டம் கடைசியில் வரும். போயர் தளபதி கிறிஸ்ரியான் டி வெற்றைப் பிரித்தானியர் துரத்துவார்கள். அவர் குதிரையோடு 35 அடி உயரத்திலிருந்து கீழே இருக்கிற நீர்த்தடாகத்துக்குள் பாய்ந்து தப்புவார். உயரத்திலிருந்து குதிரையைத் தண்ணீருக்குள் பாய விடுவது அந்தக் கால அமெரிக்கப் பூங்காக்களில் ஏற்கனவே காசு பார்த்த வித்தை. அதைக் கொண்டுவந்து போரின் முடிவில் ஒட்டிவிட்டார்கள். உண்மையான டி வெற் சென் லூயிசுக்கு வரவே இல்லை. பாய்ந்தது வேறு ஒருவர்.

உண்மையான டி வெற் தப்பிய விதமும் வேறு. 1900 ஜூலையில் பிரான்ட்வோட்டர் பள்ளத்தாக்கில் சுற்றிவளைப்பு இறுகிக்கொண்டிருந்தபோது, 2,000க்கும் மேற்பட்ட ஆக்களையும் வண்டில்களையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக நழுவிப் போனவர் அவர். சத்தம் போடாமல் இருட்டில் நகர்வதுதான் அந்தத் தப்புதலின் முழு ரகசியமும். ஆனால் இருட்டில் சத்தமில்லாமல் நகர்கிற வண்டில் வரிசையை 25 சதத்துக்கு விற்க ஏலாது. பாய்கிற குதிரையை விற்கலாம். விற்றும் காட்டினார்கள். அரங்கைக் கட்ட 48,000 டொலர் போனது. வசூல் 630,000 டொலரைத் தாண்டியது.

தோற்றவரைக் கொண்டே தோல்வியை நடிக்க வைக்கிற யோசனை பிலிசின் மூளையில் முதன்முதலாக உதித்தது இல்லை. பஃபலோ பில் 1883இல் தொடங்கிய 'வைல்ட் வெஸ்ற்' காட்சி அமெரிக்காவுக்கு அதைப் பழக்கியிருந்தது. அமெரிக்கப் படைக்கு எதிராக நின்ற லக்கோட்டா தலைவர் சிற்றிங் புல்லே 1885இல் அந்தக் குழுவோடு ஊரூராகப் போனார். சென் லூயிஸ் கண்காட்சியிலேயே இன்னொரு பக்கம் அப்பாச்சி வீரர் ஜெரோனிமோ இருந்தார். அப்போதும் அவர் சட்டப்படி ஒரு போர்க்கைதி. கையெழுத்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அமெரிக்கா புதிதாகப் பிடித்த பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து, 'கிராமங்கள்' அமைத்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஆக, குரொன்யே நின்ற வரிசை நீளமானது.

போயர் அரங்கோடு கறுப்பின ஆபிரிக்கர்களின் 'கிராமங்களும்' இருந்தன. அதைப் பார்க்கத் தனியாக 25 சதம். இந்தப் போர்க்காட்சியோடு வந்த லென் தௌன்யானே, யான் மஷியானி என்ற இருவர், அதே நகரில் நடந்த ஒலிம்பிக்கில் ஓகஸ்ட் 30ஆம் திகதி மரதன் ஓடினார்கள். 32 பேர் ஓடத் தொடங்கி 14 பேர்தான் முடித்த ஓட்டம் அது. தௌன்யானேயை ஒரு நாய் துரத்தி வழிமாறி ஓட வைத்தது. அப்படியும் 9ஆம் இடம். மஷியானிக்கு 12ஆம் இடம். ஒலிம்பிக்கில் ஓடிய முதல் கறுப்பின ஆபிரிக்கர்கள் இவர்கள்தான். போர்க்காட்சியில் இவர்களின் பெயருக்கு விளம்பரம் இல்லை.

அரங்கில் ஏறிய போருக்கு ஏறாத பாதி ஒன்றும் இருந்தது. கெரில்லாச் சண்டையை முறியடிக்க பிரித்தானியப் படை போயர்களின் பண்ணைகளைப் பல்லாயிரக்கணக்கில் எரித்தது. குடும்பங்களைத் தடுப்பு முகாம்களில் அடைத்தது. அங்கே பசியாலும் நோயாலும் 26,000க்கும் மேற்பட்ட பெண்களும் பிள்ளைகளும் செத்தார்கள். கறுப்பின மக்களுக்கென்று தனியாக இருந்த முகாம்களில் பதிவான சாவு மட்டும் 14,000க்கு மேல். ஆனால் கொலென்சோ, பார்டபேர்க், ஒரு குதிரைப் பாய்ச்சல் என்று அமைந்த கதைக்குள் ஒரு முகாமைக் கொண்டுவந்து வைக்க இடமே இல்லை. முகாமில் சாகசம் ஏதும் நடப்பதில்லை. சாப்பாட்டுக்கு வரிசை, காய்ச்சல், பிள்ளையைப் புதைக்கிறது, இவ்வளவுதான். படையாட்கள் மட்டும் நிற்கிற அரங்கில் போர் ஒரு விளையாட்டு மாதிரித் தெரிந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

குரொன்யேக்கு என்ன நடந்தது? ஊரில் பத்திரிகைகள் அவரை 'சேர்க்கஸ் ஜெனரல்' என்று நக்கலடித்தன. 1905இல் இந்தக் காட்சி நியூயோர்க்கின் பிரைற்றன் கடற்கரைக்கு, கொனி ஐலன்ட் பொழுதுபோக்குப் பூங்காக்களின் பக்கமாகப் போனது. அவர் 1911இல் தென்னாபிரிக்காவில் செத்தார். சரணடைந்ததற்காக ஏற்கனவே ஒதுக்கப்பட்ட மனிதர், அந்தச் சரணடைவையே நடித்ததற்காக இரண்டாம் தரம் ஒதுக்கப்பட்டார். அவரைத் திட்டுவது சுகம். ஆனால் எரிந்த பண்ணைகளின் நாட்டிலிருந்து வந்த வயதுபோன ஒருவரிடம் அந்தப் போரைத் தவிர விற்க வேறு என்ன இருந்தது என்றும் கேட்கவேணும்.

இந்தக் கதையில் எங்கட நாட்டுக்கும் ஒரு துண்டு இருக்கிறது. 1900 ஓகஸ்டிலிருந்து பிரித்தானியர் போயர் கைதிகளைக் கப்பலில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். தியத்தலாவ முகாமில் ஏறத்தாழ 5,000 பேர் இருந்தார்கள். போர் முடிய, பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்தால் ஊருக்குப் போகலாம் என்றார்கள். எங்கல்பிரெக்ற் என்ற ஒரு போயர் மாட்டேன் என்றார். ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கினார். யால காட்டின் முதலாவது காவலராக வேலை பார்த்து, 1922இல் அம்பாந்தோட்டையில் செத்தார். இன்றைக்கு யாலவுக்கு ஜீப்பில் சிறுத்தை பார்க்கப் போகிற ஆக்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

ஒருவர் சத்தியம் செய்ய மறுத்துக் காட்டுக்குள் போனார். மற்றவர் அரங்கில் ஏறி நாளுக்கு இரண்டு தரம் சரணடைந்தார். இதில் ஆர் வீரர், ஆர் கோழை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ரிக்கற் விற்ற ஆக்கள் எங்கல்பிரெக்றைத் தேடி வரவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்; மறுத்தவரை வைத்துக் காட்சி நடத்துவது கஷ்டம்.

போர் முடிந்து கொஞ்ச நாளிலேயே போரைப் பார்க்க பஸ் பிடித்து வந்த சனத்தைக் கண்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதனால் எந்தப் போர் அருங்காட்சியகத்துக்கோ, நினைவுக் காட்சிக்கோ, படத்துக்கோ போனாலும் சென் லூயிசிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு போவது நல்லது. ரிக்கற் காசு ஆருக்குப் போகிறது? தோற்றவருக்கு என்ன வேடம் குடுத்திருக்கிறார்கள்? வேடமே கிடைக்காமல் போனவர்கள் ஆர்?