ஃப்ரீ வெர்ஷனில் அந்த மெனுவே இல்லையா? இலவச புரோகிராமிங் டூல்களில் எது கிடைக்கும், எது கிடைக்காது?

காஞ்சிபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கும் மாகறல் கிராமத்தில், ஒரு கல்லூரி மாணவர் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் 'பைசார்ம்' இன்ஸ்டால் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யூடியூப் வீடியோவில் சொல்லிக்கொடுப்பவர் 'ஜாங்கோ' என்ற ஆப்ஷனைக் கிளிக் செய்கிறார். இவர் ஸ்கிரீனில் அதைத் திறக்கவே முடியவில்லை. ஏதோ தப்பாகிவிட்டது என்று அன்-இன்ஸ்டால் செய்து மறுபடியும் டவுன்லோடு. அன்றைய டேட்டா காலி. ஆனால் தப்பு லேப்டாப்பிலும் இல்லை, மாணவரிடமும் இல்லை. வீடியோவில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய எடிஷன்.

தமிழ்நாடு அரசின் 2025-26 பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு 2 ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என அறிவிக்கப்பட்டது. பிளஸ் 2 கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தான் வந்துவிட்டது. ஆக, கையில் கணினி இருக்கிறது, பாடமும் இருக்கிறது. அடுத்து வரும் கேள்வி, எந்த டூலை நம்பி இறங்குவது என்பதுதான்.

மொழி ஃப்ரீ, டூலுக்குத்தான் காசு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பைத்தான், சி++ போன்ற மொழிகளைப் பயன்படுத்த யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை. சி++ நிரலை இயங்க வைக்கும் ஜிசிசி கம்பைலரும் இலவசம்தான். கட்டணம் என்பது பெரும்பாலும் 'ஐடிஇ' எனப்படும் எழுதும் மேடைக்குத்தான். தப்பைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுவது, பாதி டைப் செய்தால் மீதியை நிரப்புவது, டேட்டாபேஸை உள்ளேயே திறந்து பார்ப்பது எல்லாம் அதன் வேலை.

டேலி படித்தவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். டேலியின் எஜுகேஷனல் மோடில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட முடியும். கற்றுக்கொள்ள அது போதும், கடைக் கணக்கு எழுதப் போதாது. இலவச எடிஷன்களில் எதை எடுத்துவிடுவது என்பதை நிறுவனங்கள் இப்படித்தான் யோசித்து முடிவு செய்கின்றன.

நேத்து இருந்தது, இன்னைக்குக் காணோம்

பைசார்மைத் தயாரிக்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2013 முதல் அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது. 'கம்யூனிட்டி' இலவசம், 'புரொஃபஷனல்' கட்டணம். 2025-இல் வந்த 2025.1 பதிப்பில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போது டவுன்லோடு செய்தால் ஒரு மாதத்துக்கு புரோ வசதிகள் எல்லாமே இலவச டிரையலாகக் கிடைக்கும். அதன் பிறகு அடிப்படை வசதிகள் மட்டும் தொடர்ந்து இலவசம். முன்பு காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் முழுதாகக் கிடைத்த ஜூபிட்டர் நோட்புக் வசதி இப்போது எல்லோருக்கும் உண்டு என்பது நல்ல சேதி.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஒரு மாதம் முடியும் நாளில்தான். பிராஜெக்ட் ரிவியூவுக்கு இரண்டு நாள் முன்பு மெனு காணாமல் போனால் யாருக்கும் பதற்றம் வரும். பயப்பட வேண்டாம், எழுதிய கோடு எங்கேயும் போகாது. ஜாங்கோ என்பதே தனியான இலவச மென்பொருள். டெர்மினலைத் திறந்து அதன் ரன்சர்வர் கட்டளையைக் கொடுத்தால் வெப்சைட் வழக்கம்போல ஓடும். பட்டன் இல்லை, அவ்வளவுதான்.

இல்லாததை நாமே ஒட்டவைத்தால்?

மைக்ரோசாஃப்ட் 2005-இல் 'விஷுவல் ஸ்டுடியோ எக்ஸ்பிரஸ்' என்ற இலவச எடிஷன்களைக் கொண்டுவந்தது. சி++-க்கு ஒன்று, சி ஷார்ப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். வெளியார் தயாரிக்கும் ஆட்-இன்களை அதில் சேர்க்க முடியாது.

பிரிட்டனைச் சேர்ந்த ஒரு டெவலப்பர், 'டெஸ்ட்டிரிவன் டாட் நெட்' என்ற தனது ஆட்-இன்னை எக்ஸ்பிரஸ் உள்ளேயும் வேலை செய்ய வைத்தார். கோடு சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் வசதி அது. விளைவு, மைக்ரோசாஃப்ட் வக்கீல்களிடமிருந்து கடிதம். 2007-இல் இது பெரிய விவாதமானது. மென்பொருளில் இருக்கும் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போவது உரிம மீறல் என்பது நிறுவனத்தின் வாதம். மெனுவில் ஒன்று இல்லை என்றால் அது மறதியால் விடுபட்டது அல்ல என்பதை அந்தக் கடிதம் எல்லோருக்கும் புரியவைத்தது.

இதே பாணியில் போர்லாண்ட் நிறுவனமும் 2006-இல் 'டர்போ எக்ஸ்புளோரர்' என்ற இலவச எடிஷன்களை வெளியிட்டு, வெளிக் கம்போனென்ட்களைச் சேர்க்கும் வழியை அடைத்து வைத்தது. கேம் தயாரிக்கும் யூனிட்டி டூலிலோ கறுப்புத் திரைகூட 2020 வரை காசு கொடுத்தவர்களுக்கு மட்டும்தான். ராத்திரி உட்கார்ந்து கோடு எழுதுபவரின் கண்ணுக்கும் ஒரு விலை!

மைக்ரோசாஃப்ட் 2014 நவம்பரில் மனம் மாறியது. எக்ஸ்பிரஸுக்குப் பதிலாக ஆட்-இன்களை அனுமதிக்கும் 'விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி' வந்தது. இன்றைக்கு மாணவருக்கு இதில் பெரிதாக எதுவும் குறையாது. புரோகிராம் ஓடிய பாதையைப் பின்னோக்கிப் பார்க்க உதவும் 'இன்டெல்லிடிரேஸ்' போன்ற சில வசதிகள் மட்டும் என்டர்பிரைஸ் எடிஷனுக்கு என்று ஒதுக்கப்பட்டுள்ளன. கல்லூரி பிராஜெக்ட்டில் அது இல்லாமலே சமாளிக்கலாம்.

மெனுவில் தெரியாத கட்டுப்பாடு

வசதி இல்லை என்றால் உடனே கண்ணில் படும். உரிமம் இல்லை என்பது கண்ணில் படாது. உண்மையில் ஆபத்து இதில்தான் அதிகம்.

உதாரணமாக, வெப்சைட் எழுத உதவும் வெப்ஸ்டார்ம் 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கு இலவசம். வசதி எதுவும் குறைக்கப்படவில்லை. ஆனால் வணிகம் அல்லாத வேலைக்கு மட்டும். கற்றுக்கொள்ளலாம், பொழுதுபோக்காக எழுதலாம். ஊரில் ஒரு கடைக்கு வெப்சைட் செய்துகொடுத்து 5,000 ரூபாய் வாங்கினால் அது வணிகம். மேலும், பயன்பாட்டுத் தகவல்கள் பெயரில்லாமல் நிறுவனத்துக்குப் போவதை இந்த இலவச உரிமத்தில் நிறுத்த முடியாது. கல்லூரி ஐடி வைத்து வாங்கும் மாணவர் உரிமத்திலும் வணிக வேலை செய்யக் கூடாது.

விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியில் கதை வேறு. தனிநபர் அதில் எழுதி விற்கலாம், சம்பாதிக்கலாம். சிறு நிறுவனத்தில் 5 பேர் வரை பயன்படுத்தலாம். 250 கணினிகளுக்கு மேலோ, ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு மேலோ போனால், படிப்பு, ஓப்பன் சோர்ஸ் போன்ற சில வேலைகளுக்குத் தவிர அங்கே அனுமதி இல்லை. டெல்ஃபியின் கம்யூனிட்டி எடிஷனிலோ வருமான வரம்பு 5,000 டாலர்தான்.

கடை பில் நின்றுபோனால்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறீர்கள். பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். இதை வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டி வளராது. சேலைப் படங்களையும் உள்ளேயே சேமித்தால் அந்த அளவு சீக்கிரம் வந்துவிடும். வந்துவிட்டால், தீபாவளி சீசனாக இருந்தாலும் புதிய பில் பதிவாகாது.

அதைவிட முக்கியமானது பேக்கப். தினமும் குறித்த நேரத்தில் தானாக பேக்கப் எடுக்க உதவும் 'ஏஜென்ட்' எக்ஸ்பிரஸில் கிடையாது. அது நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஹார்டு டிஸ்க் போனால் மொத்தக் கணக்கும் போச்சு. விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் இந்த வேலையை ஏற்றிவிட்டால் செலவே இல்லாமல் முடிந்துவிடும்.

கிராக் வேண்டாமே

எல்லா மெனுவும் வேண்டும் என்று டெலிகிராமில் கிடைக்கும் கிராக் ஃபைலைப் போடுவது பழைய வழக்கம். கிராக் ஓட வேண்டுமானால் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்வார்கள். அந்த நேரத்தில் உள்ளே என்ன நுழைகிறது என்பது யாருக்கும் தெரியாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மால்வேர்கள் பரவும் முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று.

அந்த ரிஸ்க் தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு ஆப் எழுத கூகுளின் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ முழுசாக இலவசம். எக்லிப்ஸ், நெட்பீன்ஸ் இரண்டும் ஓப்பன் சோர்ஸ், அவற்றில் 'புரோ எடிஷன்' என்ற பேச்சே இல்லை. ஐஐடி பாம்பேயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் லினக்ஸ், பைத்தான், சி++ போன்றவற்றுக்கான பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. அங்கே கற்றுத்தருவதே ஓப்பன் சோர்ஸ் மென்பொருட்களைத்தான் என்பதால், வீடியோவில் காட்டும் மெனு உங்கள் ஸ்கிரீனிலும் இருக்கும்.