தோட்டத்துத் தீக்குழி

உலகின் வினோதத் திருவிழாக்கள் என்று தொலைக்காட்சியில் காட்டும்போது, ஸ்பெயினில் புன்யோல் என்ற ஊரில் தக்காளியால் அடித்துக்கொள்வதைக் காட்டுவார்கள். இங்கிலாந்தில் பாலாடைக்கட்டியைச் சரிவில் உருட்டிவிட்டு அதன் பின்னால் ஆட்கள் விழுந்து புரண்டு ஓடுவதையும் காட்டுவார்கள். அந்த வரிசையில் தைப்பூசக் காவடியும் தீமிதியும் தவறாமல் இடம்பெறும். தக்காளி விளையாட்டு 1945-இல் இளைஞர்களின் ஒரு தெருச் சண்டையில் பிறந்தது. தமிழரின் தீமிதிக்குப் பின்னால் இருப்பது வேறு கதை. அதில் கப்பலும் உண்டு, கங்காணியும் உண்டு.

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கோலசிலாங்கூர் பட்டணத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது பாசிர் பெனம்பாங். மீன், நண்டு சாப்பிட வருவோர் நன்கு அறிந்த சீன மீனவக் கிராமம் அது. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் தோட்டங்கள். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை, நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமாரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. அந்தத் துரை பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். அவருடைய காலத்தில் காடழித்துக் கன்று நட்டவர்களுக்குப் பரிசு கொடுக்க யாரும் இருக்கவில்லை.

ஊரை விட்டு வந்தவர்கள் லயத்துக்குப் பக்கத்தில் முதலில் எழுப்பியது மாரியம்மனுக்கோ முனீஸ்வரருக்கோ ஒரு கொட்டகை. திருவிழா அங்கேதான் தொடங்கியது. காப்பு கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, உடுக்கையும் பம்பையும் முழங்கக் கரகத்தோடு வந்து குழியில் இறங்குவார்கள். குழியைக் கடந்ததும் கால் வைக்கப் பால் நிறைத்த சிறு பள்ளம் ஒன்று இருக்கும். தினமும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லி, தண்டலுக்கும் கிராணிக்கும் அடங்கி நடந்த மனிதனுக்கு அந்த ஒரு நாள் மட்டும் துரையே வழிவிட்டு நிற்பார். தீமிதியின் பலத்தை இதிலிருந்தும் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்த நாளையும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டியிருந்தது. பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், வேலை ஒன்று சொல்லும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்புத் தோட்டத் தமிழர்கள் மாரியம்மன் விழாவை ஈஸ்டர் விடுமுறையில் வைத்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம். இன்றும் டர்பனுக்கு அருகே இசிப்பிங்கோவில் புனித வெள்ளியன்று மாரியம்மனுக்குக் கூட்டம் அலைமோதுகிறது.

நெருப்பில் நடப்பது தமிழருக்கு மட்டும் உரியது என்று நினைத்தால் அது தவறு. பிஜித் தீவில் தமிழர் தணலில் நடக்க, பேக்கா தீவின் பழங்குடி மக்கள் பழுக்கக் காய்ந்த கற்களின் மேல் நடக்கிறார்கள். பல்கேரியாவின் நெருப்பு நடனத்தை 2009-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தூரம் போவானேன்? கோலாலம்பூர் அம்பாங்கில் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழாவில் சீனர்களும் தீ மிதிக்கிறார்கள்.

கால் ஏன் வெந்துபோவதில்லை என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் எளிதான பதில் வைத்திருக்கிறார்கள். கரித்தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், மேலே சாம்பல் படிந்திருக்கும், ஒவ்வோர் அடியும் ஒரு நொடிக்கும் குறைவாகவே பதிகிறது. நின்றுவிட்டால் வெந்துபோகும். 1930-களில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தார் இத்தகைய வழிபாடுகளைச் சாடியபோது அவர்கள் கேட்டதும் ஒருவகையில் இதே கேள்விதான். அவர்கள் கேட்டது நியாயமே. கள்ளுக் கடையும் கடனும் கூலியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த காலம் அது.

ஆனால் அறிவியல் அதோடு நின்றுவிடவில்லை. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஜூன் மாதத்தில் ஓர் இரவு, தோளில் ஒருவரைச் சுமந்துகொண்டு தணலில் நடப்பார்கள். அங்கே நடப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இதயத் துடிப்பை அளந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. நடந்தவரின் துடிப்போடு கரையில் நின்ற உறவினர், நண்பர்களின் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியாருக்கு அப்படி நேரவில்லை. மொரீஷியஸ் தமிழரிடையே தைப்பூசக் காவடியை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த கட்டுரையும் இதற்கு ஒத்துப்போகிறது. அலகு குத்தி நடந்தவர்கள், வெறும் கூட்டு வழிபாட்டில் கலந்துகொண்டவர்களைவிடக் கோயிலுக்கு அதிகம் ஈந்தார்கள். கூடவே நடந்து அந்த வேதனையைப் பார்த்தவர்களும் அவர்களுக்குக் குறையாமல் கொடுத்தார்கள். தோட்டத்துக் கிழவிகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. மகன் குழியில் இறங்கும்போது தாய் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை பார்த்தவர்கள் அவர்கள்.

இப்போது குழி வெட்டும் நிலம்தான் பிரச்சினை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின; வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். அதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டங்களை வாங்கச் செய்தார். ஆனாலும் துண்டாடலை முழுக்கத் தடுக்க முடியவில்லை. பிறகு தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. பிராங் பெசார் தோட்டம் 1990-களில் புத்ராஜெயாவானது. தோட்டக் கோயிலுக்குத் தனிப் பட்டா இருந்தது அபூர்வம். நிலம் கைமாறிய மறுநாளே நூறு வருடத்துக் கோயில்கூட ஆக்கிரமிப்பு என்று பெயர் வாங்கிவிடும். சீஃபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயில் தகராறு 2018 நவம்பரில் கலவரமாக முடிந்ததையும், அதில் காயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் இறந்ததையும் நாடே அறியும்.

லயத்துப் பிள்ளைகள் இன்று கிள்ளானிலும் ஷா ஆலமிலும் பூச்சோங்கிலும் குடியிருக்கிறார்கள். செம்பனைக் குலை அறுக்க இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்துவிட்டார்கள். லயமே இல்லாத இடத்திலும் சில கோயில்கள் மட்டும் நிற்கின்றன. திருவிழாவன்று அங்கே கார்கள் வந்து குவிகின்றன. அன்னதானப் பந்தியில் ஒருவர் இன்னொருவரிடம், "நீங்க எத்தனாம் நம்பர் லயம்?" என்று கேட்கிறார். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்வோருக்கு வசதியாக, தீமிதியைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்கிறார்கள். துரை போய்விட்டாலும், நாள் குறிப்பது இன்னும் வேலைதான்.