கூட்டுவது யார், பதில் சொல்வது யார்: ஸ்காட்லாந்தும் நியூசிலாந்தும்

கடையில் திருடிப் பிடிபட்ட பதினைந்து வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் பள்ளிக்குப் போய் மாதக்கணக்காகிறது. அம்மாவுக்கு இரவு வேலை, அண்ணனுக்குக் குடிப்பழக்கம். இந்த ஒரு வீட்டைப் பற்றிக் காவல் நிலையம், பள்ளி, மருத்துவமனை, நலத்துறை என நான்கு இடங்களிலும் கோப்புகள் இருக்கும். நான்கையும் சேர்த்துப் படித்தவர் எவரும் இருக்க மாட்டார். இப்படிப்பட்டவனை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் வேறு வழியில் திருப்பிவிட வேண்டும் என்பதைப் பல நாடுகள் இன்று ஏற்கின்றன. திருப்பிவிட்ட பிறகு அந்த நான்கு துறைகளையும் ஒரே மேசைக்கு அழைப்பது யார்? வராதவர்களை யார் கேட்பது? இதற்கு ஸ்காட்லாந்தும் நியூசிலாந்தும் வெவ்வேறு பதில்களைச் சட்டமாகவே எழுதிவைத்தன.

ஸ்காட்லாந்தில் கில்பிராண்டன் பிரபு தலைமையிலான குழு 1964இல் தன் அறிக்கையைத் தந்தது. குற்றம் செய்த பிள்ளைக்கும் கவனிப்பாரற்ற பிள்ளைக்கும் தேவை அடிப்படையில் ஒன்றே என்று அது கண்டது. அதன் வழியே 1968இல் சட்டம் வந்தது, 1971 ஏப்ரலில் குழந்தைகள் விசாரணை அவைகள் தொடங்கின. இரு வகைப் பிள்ளைகளுக்கும் ஒரே வாசல். அந்த வாசலில் ‘ரிப்போர்ட்டர்’ என்ற அதிகாரி இருக்கிறார். இவர் செய்தியாளர் அல்ல. போலீஸ், பள்ளி, மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் என யார் தகவல் தந்தாலும் அது இவரிடம்தான் வரும். விசாரித்துவிட்டு, கட்டாய நடவடிக்கை தேவையில்லை என்று பலரை அங்கேயே விட்டுவிடுவார். தேவையென்றால், பயிற்சி பெற்ற பொதுமக்கள் மூவர் அடங்கிய அவை பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து முடிவெடுக்கும். நடந்தது என்ன என்பதிலேயே தகராறு இருந்தால் அதை மட்டும் ஷெரிஃப் நீதிமன்றம் தீர்க்கும். மிகக் கடுமையான குற்றங்கள் இந்த வழிக்கு வெளியே போகலாம்.

இதற்கு மாறாக, இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இரண்டு வாசல்கள்: ஆதரவு தேவைப்படும் பிள்ளைக்குக் குழந்தைகள் நலக் குழு, சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளைக்கு இளைஞர் நீதிக் குழுமம். பசியில் திருடிய பிள்ளை இரண்டுக்கும் உரியவன்தான். அதனால் ஸ்காட்லாந்தின் ஒற்றை வாசல் என்னை வெகுவாகக் கவர்ந்திருந்தது.

நியூசிலாந்தின் வரலாறு அந்த ஈர்ப்பைத் தடுத்து நிறுத்துகிறது. அங்கும் முன்பு நலன் என்ற ஒரே பார்வைதான் இருந்தது. சின்னக் குற்றம் செய்த பிள்ளையையும் ‘உன் நன்மைக்காக’ என்று சொல்லி வீட்டிலிருந்து பிரித்து விடுதிக்கு அனுப்பினார்கள். பூர்வகுடிகளான மாவோரிப் பிள்ளைகள்தான் அதிகம் பிரிக்கப்பட்டார்கள். ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு 1986இல் தந்த ‘புவாவோ-தே-அத்தா-தூ’ அறிக்கை இதை நேருக்கு நேர் இனப்பாகுபாடு என்றது. அந்த விடுதிகளில் நடந்த கொடுமைகளின் முழு அளவு 2024 ஜூலையில் வெளியான அரச ஆணைய அறிக்கையில்தான் பதிவானது. ராங்கிஹாவ் அறிக்கைக்குப் பின் வந்த 1989ஆம் ஆண்டுச் சட்டம் நலன் வழக்குகளையும் குற்ற வழக்குகளையும் வேண்டுமென்றே பிரித்தது. பொதுநலன் வேறுவிதமாகக் கோராதவரை, வேறு வழி இருக்கும்போது குற்றவழக்கு தொடரக் கூடாது என்றும், கொடுக்கும் தண்டனை சூழலுக்கு ஏற்ற மிகக் குறைந்த கட்டுப்பாடுள்ளதாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. நலன் என்ற பெயரில் எல்லையற்ற அதிகாரம் எடுக்கும் அரசை நம்பக் கூடாது என்ற இந்தப் பயம் நியாயமானது.

அங்கே பெரும்பாலான பிள்ளைகளின் விவகாரங்களை இளைஞர்களுக்கென்றே உள்ள போலீஸ் பிரிவு எச்சரித்தோ, மன்னிப்புக் கடிதம், சமூக வேலை போன்ற மாற்று ஏற்பாடுகளைச் செய்தோ முடித்துவிடுகிறது. மீதிப் பேருக்குக் குடும்பக் கூட்டம். இளைஞர் நீதி ஒருங்கிணைப்பாளர் யார் யாரை அழைப்பது என்று முதலில் குடும்பத்திடமே கேட்கிறார். பாட்டி, சித்தப்பா, அத்தை, பாதிக்கப்பட்ட கடைக்காரர், போலீஸ்காரர் எல்லோரும் வருவார்கள். நடந்ததைப் பேசுவார்கள். பிறகு அதிகாரிகள் அத்தனை பேரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். குடும்பம் மட்டும் தனியே உட்கார்ந்து திட்டத்தை எழுதும். இந்த இரு ஏற்பாடுகளிலும் ஆகத் துணிச்சலானது இந்தத் தனிநேரம்தான் என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்து அவை எவ்வளவு கனிவாகப் பேசினாலும் முடிவு மூன்று அந்நியர்களுடையது. நியூசிலாந்தில், பையனை நாளை காலை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பப் போகிறவரே முடிவில் கை வைக்கிறார்.

கனிவான அவையும் காயப்படுத்தும் என்பதற்குச் சான்று உண்டு. எடின்பரோவில் 1998இல் தொடங்கி, சுமார் 4,300 பிள்ளைகளை ஆண்டுகணக்கில் பின்தொடர்ந்த மக்காரா, மக்வீ ஆய்வு, திரும்பத் திரும்ப அவைக்கு இழுக்கப்பட்ட பிள்ளைகள், அதேபோல் நடந்தும் இழுக்கப்படாதவர்களைவிடத் தவறுகளைக் கைவிடுவது குறைவு என்று கண்டது. தகவலைச் சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அதிகாரியை நியமித்துத் துறைகளின் தகவல்களை அவரிடம் சேர்க்கும் ஸ்காட்லாந்துத் திட்டத்தின் தகவல் பகிர்வு விதிகள் குடும்ப அந்தரங்க உரிமைக்கு ஒவ்வாதவை என்று 2016இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு கோப்புகளையும் ஒன்றாக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்த வீட்டாரின் சம்மதம் இல்லாமல் ஒன்றாக்கினால் அது கண்காணிப்பாகிவிடும். நியூசிலாந்துக் கூட்டத்தில் பெரும்பாலான தகவல் குடும்பத்தின் வாயிலிருந்தே, குடும்பத்தின் முன்பாகவே வருகிறது.

சேவை கிடைக்காதபோது என்ன ஆகிறது என்று பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. நியூசிலாந்துக் கூட்டத்தின் முடிவை நலத்துறை பொதுவாக நிறைவேற்றியாக வேண்டும். ஆனால் பள்ளியும் மருத்துவத் துறையும் அந்தத் துறையின் கீழ் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் வேலை செய்து ஈடுகட்டவும் பையன் கட்டுப்பட்டிருக்கிறான். அவனுக்கு மனநல மருத்துவரைத் தேடித்தர யாரும் அதே அளவுக்குக் கட்டுப்படவில்லை. ஸ்காட்லாந்தில் அவையின் மேற்பார்வை ஆணையை நிறைவேற்றுவது உள்ளாட்சி மன்றத்தின் கடமை. அது தவறினால், நிறைவேற்ற வைக்கும் உத்தரவு கேட்டு ஷெரிஃப் பிரின்சிபல் எனும் தலைமை ஷெரிஃப் நீதிபதியிடம் போக 2011ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. அங்கே பதில் சொல்லி நிற்பது பிள்ளை அல்ல, அலுவலகம். நியூசிலாந்துக் குடும்பம் எழுதும் திட்டத்துக்கும் இந்தப் பலம் வேண்டும். அதில் சிகிச்சை என்று ஒரு வரி இருந்தால், அதைத் தராத துறையை நீதிபதி முன் நிறுத்தும் அதிகாரம் அந்த ஒருங்கிணைப்பாளருக்குக் கிடைக்க வேண்டும்.