ஞானப்பல் தந்த ஞானம்

ஆடித் தபசு பார்க்கச் சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தேன். போன இடத்தில் கீழ்த்தாடையின் கோடியில் ஒரு பல் குடைச்சல் எடுத்தது. கிராம்பு வைத்துப் பார்த்தேன். தங்கியிருந்த வீட்டு ஆச்சி கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கன்னத்தில் பூசிவிட்டாள். மறுநாள் பல் வைத்தியரிடம் ஓடினேன்.

“ஞானப்பல்; சாய்ந்து முளைத்திருக்கிறது” என்று அவர் ஓர் ஊசி போட்டார். அரைமணி நேரத்தில் பல் வெளியே வந்துவிட்டது.

“வலிச்சுதா, தம்பி?” என்று கேட்டாள் ஆச்சி.

“இல்லை, ஆச்சி.”

“எங்க காலத்துல ரெண்டு ஆளு தோளை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் புடுங்குவாவ!”

அந்த இரண்டு ஆட்களுக்கு விடை கொடுத்தது யார்? வாசகர்கள் நகைக்கக் கூடாது. அதுவும் ஒரு ஞானப்பல்தான். ஒன்றல்ல, இரண்டு.

முதற்பல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய இளைஞருடையது. நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் சிரிப்பூட்டும் வாயுவை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஞானப்பல் முளைத்து ஈறு வீங்கிற்று. வாயுவைச் சுவாசித்தார்; வலி சற்று நேரம் மறைந்தது. இரத்தம் அதிகம் சிந்தாத அறுவைகளுக்கு இது உதவக்கூடும் என்று 1800இல் தம் நூலிலும் எழுதிவைத்தார். படித்தவர்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார்கள். 1811இல் என் போன்ற கதைக்காரியான பேனி பர்னி என்ற ஆங்கிலேய மாது, பாரிஸ் நகரில் நினைவு தெளிந்திருக்கும்போதே மார்பை அறுத்துக்கொள்ள நேர்ந்தது. அந்தப் புத்தகம் அப்போது பதினோரு வயதுக் குழந்தை!

வாயு மட்டும் வேடிக்கைக் காட்சிகளில் உலா வந்தது. 1844 டிசம்பர் 10ஆம் தேதி அமெரிக்காவில், ஹார்ட்போர்டு நகரில், கோல்ட்டன் என்பவர் அத்தகைய காட்சி ஒன்றை நடத்தினார். வாயு குடித்த ஒருவன் துள்ளிக் குதித்துக் காலில் அடிபட்டு இரத்தம் வழிய நின்றான். அவனுக்கு அது தெரியவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஹோரஸ் வெல்ஸ் என்ற 29 வயதுப் பல் வைத்தியர் மட்டும் சிந்தித்தார். மறுநாளே கோல்ட்டனை அழைத்து வாயுவைச் சுவாசித்து, நண்பர் ரிக்ஸிடம் தம் ஞானப்பல்லையே பிடுங்கச் சொன்னார். குண்டூசி குத்திய அளவுகூட வலிக்கவில்லை.

அடுத்த மாதம் பாஸ்டனில் மாணவர்கள் முன் செய்து காட்டினார். வாயு போதவில்லை, நோயாளி முனகிவிட்டான். “மோசடி!” என்று கூவினார்கள். 1846இல் அவருடைய பழைய கூட்டாளி மார்ட்டன் ஈதரைக் கொண்டு அதே பாஸ்டனில் புகழ் அடைந்தார். வெல்ஸோ மனம் உடைந்து, 1848 ஜனவரியில், நியூயார்க் சிறையில், 33ஆம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 1864இல் அவருக்கே அப்பெருமை என்று தீர்மானித்தது. கேட்க அவர் இல்லை.

எனக்குப் போட்ட ஊசிமருந்து வேறு. லிக்னோகேயின், 1943இல் ஸ்வீடனில் உருவானது. ஆனால், பல்லை வலியின்றிப் பிடுங்கலாம் என்ற நம்பிக்கைக்குத் தம் வாயைத் திறந்தவர் வெல்ஸ்தான்.

காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்த பல்லை ஆச்சியிடம் காட்டினேன். “ஞானப்பல்லுன்னா ஞானம் வரணுமே, வந்துச்சா?” என்றாள்.

எனக்கு வரவில்லை. வந்தவருக்கு உலகம் கொடுத்த கூலியைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.