தீட்டுக்கல்லும் ஒஸ்தா மரபும்

பிறந்த ஏழாம் நாளில் குழந்தையின் முடி களைதல், கத்னா, ஹஜ்ஜின்போது தலை மழித்தல் ஆகிய மார்க்கச் செயல்களால் சவரக்கத்திக்கு நம் வாழ்வில் தனியிடம் உண்டு. அக்கத்தியின் கூர்மை கல்லில் பிறப்பது.

சொரசொரப்பான கல் விளிம்பை உருவாக்கும். அதன் கீறல்களை நுண்மணிக் கல் அழிக்கும். முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிவதால் கோணம் பிறழாது. கல்லில் விளிம்பு முன்செல்லும்; பின்னர் தோல்வாரில் முதுகு முன்செல்லும். பெல்ஜியத்தின் 'கோட்டிக்கூல்' எனும் மஞ்சட்கல் நுண்ணிய கார்னெட் மணிகளால் இரும்பை அராவுகிறது. ஸ்பானியக் கற்களை நாவிதர் உமிழ்நீர் தடவிப் பயன்படுத்தியதை முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி குறித்துள்ளார். அதே ஸ்பெயினில் வாழ்ந்து 1013 அளவில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியில் கத்னாவைக் குறித்தும் எழுதினார். கத்தியினும் கத்தரிக்கோலே ஏற்றது என்பது அவர் முடிவு.

இலங்கை முஸ்லிம்கள் கத்னா செய்பவரை 'ஒஸ்தா' என்பர். 'ஆசான்' எனப் பொருள்படும் 'உஸ்தாத்' என்பதன் திரிபாக இதனைக் கொள்வர். ஆசான் என அழைத்த சமூகமே அவரை மணவுறவில் ஒதுக்கியும் வைத்தது. மலபாரின் ஒஸ்ஸான்களும் இத்தாழ்நிலைக்கு ஆளாயினர்.

அறுக்குமுன் கத்தியைத் தீட்டிப் பிராணியின் துன்பத்தைக் குறைக்கப் பணித்தது நம் மார்க்கம். தீட்டியவரின் துன்பத்தை நாம் எண்ணினோமா? சாக்கோட்டை முதல் கொழும்பு வரை முடிதிருத்தகங்களில் இன்று மாற்று பிளேடுகளே புழங்குகின்றன. கல் ஓய்ந்துவிட்டது, ஏற்றத்தாழ்வும் ஓய்ந்தாக வேண்டும்.