உழுதவனும் உதவித்தொகையும்

உழவனுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்கிறது என்று கேட்டால் நம் மனம் மகிழ்கிறது. ஆனால் உழவன் என்பவன் யார்? நிலத்தை உடையவனா, நிலத்தில் உழைப்பவனா? இவ்வினாவை அமெரிக்க நாட்டுக் கிராமப்புறம் ஒன்றின் வரலாற்றைக் கொண்டு ஆராய விரும்புகிறேன்.

ஆர்க்கன்சா மாநிலத்தின் வடகிழக்கில் பாயின்செட் என்னும் கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவாகிய ஆட்சிப் பகுதி. 1930-களில் அங்கே பருத்தியே வாழ்வு. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு வாரக்குடிகளுடையது. விளைவில் ஒரு பங்கைப் பெற்று, உணவுக்கும் உடைக்கும் பண்ணையாரிடமே கடன்பட்டு வாழ்ந்தோர் அவர்கள்.

1932-ஆம் ஆண்டில் பருத்தி விலை இராத்தலுக்கு ஏறத்தாழ 6 சென்ட் என்ற அளவுக்கு வீழ்ந்தது. 1933 மே மாதத்தில் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் பிறந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை உயரும். குறைப்பவருக்கு அரசு ஈடு தரும் என்பது அதன் கருத்து. அவ்வாண்டுக் கோடையில், வளர்ந்து நின்ற பருத்தி 1 கோடி ஏக்கருக்கு மேல் உழுது அழிக்கப்பட்டது. செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் அதன்மேல் கால்வைக்க மறுத்தன என்று கூறுவர்.

விலை உயர்ந்தது உண்மையே. பணம் எவரைச் சேர்ந்தது? அடுத்த ஒப்பந்தத்தின்படி, விளைவிக்காது விட்ட பருத்திக்கு இராத்தலுக்கு நாலரை சென்ட். அதில் 4 சென்ட் நிலவுடைமையாளருக்கு. வாரக்குடிக்கோ அரை சென்ட்! குடிகளின் எண்ணிக்கையை இயன்றவரை குறைக்கலாகாது என்றும் ஒப்பந்தம் கூறிற்று. 'இயன்றவரை' என்ற அந்த ஒரு சொல்லே வாயிலாக, பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

1934 ஜூலையில் இக்கவுண்டியின் டைரான்சா என்னும் ஊரருகே வெள்ளையர் 11 பேரும் கறுப்பர் 7 பேரும் ஒன்றுகூடித் தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நிறவேற்றுமை கோலோச்சிய அந்நாளில் இஃது அரிய துணிவன்றோ! குடிகளை அகற்றலாகாது என்று வாஷிங்டனில் ஒப்பந்தத்திற்குப் பொருள் கூறிய சட்ட அலுவலர் ஜெரோம் ஃபிராங்கும் துணைவர் சிலரும் 1935 பிப்ரவரியில் பதவியிழந்தனர்.

1936 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அத்திட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1938-இல் புதிய சட்டம் வந்தது. உதவித்தொகை முறை வடிவம் மாறி இன்றும் அந்நாட்டில் நிலவுகிறது.

அச்சட்டத்தை வகுத்தோர் தீயவர் என்று நான் கூறேன். உழவரைக் காக்கவே அவர்கள் முனைந்தனர். ஆனால் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நிலவுடைமையாளரையே உழவர் எனக் கொண்டனர். ஏர் பிடித்த கை அவர்கள் கண்ணிற்படவில்லை. உதவி எவ்வளவு என்று கேட்குமுன், அது எவர் கையில் சேர்கிறது என்று கேட்பதே அறிவுடைமை.